மூன்றாம் சுற்று, தொண்ணூறு நொடி

டுலூத்தில் மார்ச் கடைசி.
ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
வெர்னா ஹாக்லுண்டின் டயர் கடைப் பின்னறையில்
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மடிக்கணினி,
ஒரு கணப்பு அடுப்பு,
அதன்மேல் காயும் ஆறு கையுறை.

நாங்கள் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை.
ஆடுகிறவர்களின் பெயர்களைப்
பங்கு போட்டுக்கொள்கிறோம்.
அவன் பந்தை வெளியே தூக்கினால் எனக்குப் புள்ளி.
அவன் முழங்கால் போனால் எனக்கு வயிறு எரியும்.
அவனுக்கு என்னைத் தெரியாது.

மூன்றாம் சுற்று. என் முறை.
தொண்ணூறு நொடி.

ஹாலிஸ் டங்க்லி, வயது முப்பத்துமூன்று.
ஆறு வருஷமாய் இருபத்தாறு ஹோம் ரன்;
ஒன்று கூடினால் மறு வருஷம் ஒன்று குறையும்.
மாதச் சம்பளம் மாதிரி.
யாரும் அவனைக் கனவில் கண்டதில்லை.

இன்னொருவன் ஓஸ்மரி குவேவாஸ்.
இருபத்தொன்று. ரூக்கி.
போன செப்டம்பரில் பத்தொன்பது ஆட்டம், எட்டு ஹோம் ரன்.
அவ்வளவுதான் அவன் சரித்திரம்.
ஒரு பந்து மைதானக் கடிகாரத்தையே உடைத்தது.
அந்த வீடியோவை நாற்பது தடவை பார்த்திருப்பேன்,
டயர் மாற்ற வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
முளையில் எல்லாமே பச்சைதானே.
இரண்டு வருஷம் முன்பு
இரண்டாம் சுற்றிலேயே ஒரு முளையை எடுத்தேன்.
ஏப்ரலில் வெளுத்து வாங்கினான்.
மே மாதம் பிட்சர்களுக்குத் தெரிந்துவிட்டது,
அவனுக்கு ஸ்லைடர் ஆகாதென்று.
ஜூனில் மைனர் லீக் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.
எனக்குப் பதினோராவது இடம்.
ஆர்விட் கிவிஸ்டோ ஒரு ஸ்டெப்னியில்
அவன் பெயரைச் சாக்பீஸால் எழுதி
என் காலடிக்கு உருட்டிவிட்டான்.

ஐம்பது நொடி.

எனக்கும் ஒரு செப்டம்பர் இருந்தது.
இந்தக் கடையில் சேர்ந்த முதல் மாதம்
நூற்றுப் பன்னிரண்டு பனிக்கால டயர் விற்றேன்.
பலகையில் என் பெயர் உச்சியில்.
வெர்னா கைகுலுக்கினாள், கிரீஸ் கையோடு.
பிறகு அந்த எண்ணை நான் தொட்டதே இல்லை.
ஒன்பது வருஷம்.
இப்போது நான் டங்க்லி.
ஒன்று கூடினால் ஒன்று குறையும்.

மார்செலின் பூப்ரே
சிப்ஸ் பொட்டலத்தை வேண்டுமென்றே கசக்குகிறாள்.

பறப்பதற்கு ஆசைப்பட்டு இருப்பதை விடாதே:
இதைச் சொன்னவன்
எதுவும் பறந்து பார்த்திருக்கமாட்டான்.

பதினொன்று. பத்து.

டங்க்லியை அழுத்தினேன்.

அடுத்த மூச்சில் ஆர்விட்
குவேவாஸை எடுத்துக்கொண்டான்,
காய்ந்த கையுறையை எடுப்பதுபோல.

ஏரி உடைந்தது. கப்பல்கள் வந்தன.
முகம் பார்க்காத பையன் ஒருவன்
தோற்க வேண்டுமென்று
தினமும் வேண்டிக்கொண்டேன்.
விடியற்காலை எழுந்ததும் அவன் ஸ்கோர்தான் முதலில்.
நாலு தடவை மட்டை பிடித்து ஒன்றுமில்லை என்றால்
காப்பி இனித்தது.
பாராஹோனாவில் அவன் அம்மாவும்
அதே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது
ஜூன் வரை எனக்குத் தோன்றவில்லை.
தோன்றிய பிறகும் நிறுத்தவில்லை.

வேண்டுதல் பலித்தது.
ஜூலையில் பதினாறு ஆட்டம், ஒரு ஹிட்கூட இல்லை.
ஆர்விட் அவனைக் கழற்றிவிட்டான்.
காரணம் கேட்டால், “ஸ்லைடர்” என்றான்,
ஏதோ பரம்பரை வியாதியைச் சொல்வதுபோல.

அன்று ராத்திரி பதினொன்றரை மணி.
யாருக்கும் வேண்டாத பெயர்கள் கிடக்கும் பட்டியலில்
அவன் இருந்தான்,
முதுகு பிடித்துக்கொண்ட ஒரு கேட்சருக்குக் கீழே.
என் பெஞ்சில் உட்கார வைத்தேன்.
இடம் வேண்டுமே என்று
நன்றாக எறிந்துகொண்டிருந்த பிட்சர் ஒருவனை அனுப்பினேன்.
மார்செலின் கேட்டால் சொல்ல
ஒரு பொய்கூடத் தயாராக இல்லை.

டங்க்லிக்கு இதுவரை பதினாறு.
கணக்குப்படி போகிறான்.

இன்று காலை குவேவாஸ்:
நாலு தடவை, ஒன்றுமில்லை.
கடை திறக்க இன்னும் அரைமணி.
அந்தக் கடிகாரம் உடையும் வீடியோவைப் போட்டேன்.
வாசலில் யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள்.